மார்கிரட் எழும்பும் வரை

எங்கள் ஒழுங்கையில் நிஷானிக்குக் கோபம் வந்தால் முதலில் அறிவது அவளுடைய இரும்புக் கேற்றுத்தான். அன்றைக்கு அவள் அதைச் சாத்திய சாத்தில் என் குசினி யன்னலில் குந்தியிருந்த காகம் எழும்பிப் பறந்தது. நான் சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டுவிட்டு மதிலடிக்குப் போனேன். பக்கத்து வீட்டுக் கேற் உடையப் பார்க்கும்போது நான் சம்பலா பார்க்க முடியும்?

நிஷானி கையிலிருந்த இரண்டு தாள்களை மதிலுக்கு மேலால் என்னிடம் நீட்டினாள். எனக்குக் கணக்கு வராது. ஆனால் நீட்டியதை வாங்கிப் பார்க்காமல் விடுகிற பழக்கமும் இல்லை.

அவள் வீட்டுப் பக்கத்தில் தகரக் கொட்டில் ஒன்று போட்டு, சாதாரண தரப் பரீட்சைப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறாள். பண்டத்தரிப்பில் ரியூசன் கொடுக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நிஷானி பழைய பேப்பர்களைக் கொப்பியடித்துக் கொடுப்பதில்லை, கணக்கெல்லாம் தானே கட்டுவாள். கணக்கில் வருகிற ஆட்கள் அவளுடைய வகுப்புப் பிள்ளைகளேதான். இந்தக் கிழமைக் கணக்கில் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கென்றே பிள்ளைகள் ஓடிவருவார்கள். அந்த முறை ஜெயனி என்கிற பிள்ளை நீர்வேலியில் வாழைக்குலை வாங்கி, சாவகச்சேரிச் சந்தையில் விற்று, பாதி வழியில் பழம் நசிந்து நட்டப்பட்டிருந்தாள். றயன் என்கிற குழப்படிக்காரன் அவளுக்குக் கடன் கொடுத்து வட்டி கேட்டிருந்தான்.

முதல் தாள் நிஷானியுடையது. இரண்டாவது, சந்திக்கு அங்கால் இருக்கிற பெரிய ரியூட்டரி கொடுத்தது. அதிலும் அதே ஜெயனி, அதே வாழைக்குலை, அதே நட்டம். வட்டிக்கு நிற்கிற றயனைக்கூட மாற்றவில்லை. களவெடுக்கிறவர்களுக்கு இப்போது பேர் மாற்றவும் பஞ்சியாகப் போய்விட்டது.

எப்படி நடந்தது என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவைப்படவில்லை. நிஷானி தன் பேப்பர்களை சோமசேகரத்தாரின் கொமினிகேசனில்தான் பிறின்ற் எடுப்பாள். சந்தியில் அந்த ஒரு கடைதான். அடையாள அட்டை கொப்பி, வெளிநாட்டு விண்ணப்பம், கலியாணக் குறிப்பு எல்லாம் அவர் கைக்குள்ளால்தான் போகும். ஊரில் யாருக்குச் செவ்வாய் தோஷம், யாருக்கு விசா மறுத்தது என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு எனக்கே தெரியாது என்றால் பாருங்கள். அவர் நிஷானியின் பைலைத் தன் கொம்பியூட்டரில் இறக்கி வைத்துக்கொண்டு, ரியூட்டரிக்காரருக்குக் கட்டுக் கட்டாக அடித்துக் கொடுத்திருக்கிறார்.

நிஷானி போய்க் கேட்டாள். மனிசன் கூச்சமே படவில்லையாம்.

"ரீச்சர், பேப்பர் என்ரை, மை என்ரை, கரண்ட் என்ரை. உங்கடை எண்டு இதிலை என்ன கிடக்கு?"

அந்தப் பதிலோடுதான் அவள் வந்து கேற்றைச் சாத்தியிருக்கிறாள். கோபப்படாமல் என்ன செய்வாள்? ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளின் தாய்மார், ரியூட்டரியிலும் இதே பேப்பர்தானே, அங்கே காற்றாடியும் கூட என்று கதைக்கத் தொடங்கியிருந்தார்கள். பரீட்சைக்கு முன்னம் பிள்ளைகள் கழன்றால் அந்தக் கொட்டிலுக்குள் கதிரைகள்தான் மிஞ்சும்.

அன்றிரவே முடிவெடுத்தாள். வீட்டுக்கு ஒரு பிறின்டர், கையைக் கடிக்காத விலையில். வயர் இழுக்கத் தேவையில்லாமல் போனிலிருந்தே அடிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். வீட்டிலிருந்த ஒரு லப்ரொப்பும் அவள் புருசன் ஜொனதனின் கந்தோர் வேலைக்குப் போய்விடும்.

சனிக்கிழமை மூன்று பேருமாக யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போனோம். எனக்கும் அங்கே ஓர் அலுவல் இருந்தது. என்ன அலுவல் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

ஜொனதன் காப்புறுதிக் கந்தோரில் வேலை செய்கிறவன். சாந்தமான பிள்ளை, அவன் சாந்தம்தான் நிஷானிக்கு அரைவாசி வருத்தம். கடைக்குள் போனதும் முன்தட்டில் இருந்த ஆகக் குறைந்த விலைப் பிறின்டருக்குப் பக்கத்தில் போய், அதோடு தன் வேலை முடிந்த மாதிரி நின்றான். நிஷானி விட்டாளில்லை. கறவை மாடு பார்க்கிறவர்கள் விலையை மட்டுமா கேட்பார்கள், தீனி எவ்வளவு தின்னும் என்றல்லவா கேட்பார்கள். அப்படிக் கேட்டாள். ஒருக்கால் மை நிரப்பினால் எத்தனை தாள் அடிக்கலாம், அந்த மை மானிப்பாயில் கிடைக்குமா, செம்பாட்டுப் புழுதி போய் உருளை இறுகினால் யார் திருத்துவார்கள். கடைக்காரர் ஒவ்வொரு கேள்விக்கும் ஜொனதனின் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். நாலாவது பதிலில் அவளுக்கு ஏறிவிட்டது.

"அண்ணை, கேக்கிறது நான். எனக்குச் சொல்லுங்கோ."

அதற்குப் பிறகுதான் அந்த மனிசனும் உண்மையைச் சொன்னார். விலை குறைந்த பெட்டிகளுக்குள் இருப்பது சின்னக் காட்றிஜ், கொஞ்சத் தாளோடு வற்றிப்போகும், பிறகு வாங்குகிற காட்றிஜ் பிறின்டரின் விலைக்குக் கிட்ட வரும். பின்தட்டில் இருந்ததோ போத்தில் மை ஊற்றுகிற வகை. வாங்கும்போது கொஞ்சம் கூட, பிறகு வருசக்கணக்கில் லாபம், வைஃபையும் இருக்கிறது. நிஷானி அதைத் தொட்டாள். மூடியைத் திறந்து மூடினாள். வகுப்புக் காசில் இதற்கென்றே எடுத்து வைத்தது கைப்பையில் இருந்தது. அதை எடுக்கக் கையையும் உள்ளே விட்டாள்.

அப்போதுதான் ஜொனதன் வாயைத் திறந்தான்.

"அக்காட்டை ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வேண்டுவம்."

அக்கா என்றால் மார்கிரட். ரொறன்ரோவில் இருக்கிறாள். இந்த வீட்டின் கூரை அவளுடைய காசு, கிணற்று மோட்டார் அவளுடைய காசு. அதனால் கேத்திலை விடப் பெரிய எந்தச் சாமானும் மார்கிரட்டுக்குச் சொல்லாமல் அந்த வீட்டுக்குள் வருவதில்லை. பெயின்ற் நிறம்கூட அங்கேயிருந்துதான் வந்தது. எங்கள் ஊர் வெயிலுக்கு அப்படியொரு மண்ணிறத்தை ரொறன்ரோவில் பனிக்குள் இருக்கிற ஒருத்தியால்தான் தெரிந்தெடுக்க முடியும். எங்கள் ஊரில் பாதி வீடு இப்படித்தான். இதிலே சிரிக்க எனக்கும் பெரிய உரிமை இல்லை, என் வீட்டுப் பிரிஜ் லண்டன் தெரிந்தெடுத்தது.

ஜொனதன் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பினான். ரொறன்ரோவில் சாமம். பதில் இல்லை. கடைக்காரர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். நாங்களும் வெறுங்கையோடு பஸ் ஏறினோம். நிஷானி புருசனுக்குப் பக்கத்தில் இருக்காமல் என்னோடு வந்து இருந்தாள். மானிப்பாய் தாண்டியதும் யன்னலைப் பார்த்தபடி சொன்னாள்:

"அன்ரி, எனக்கு ஒரு குக்கர் வேண்டவும் கனடாவிலை விடியவேணும்."

இரவு மார்கிரட்டின் குரல் செய்தி வந்தது. ஜொனதன் விறாந்தையில் வைத்துப் போட்டதால் எனக்குக் காதைத் தீட்டவேண்டிய தேவை இருக்கவில்லை. அங்கே விற்கிறதெல்லாம் வெளிநாடு கழித்துவிட்ட சாமானாம். ஒன்றும் வாங்கவேண்டாமாம். அடுத்த மாதம் கலியாண வீட்டுக்கு வருகிறாளாம், வரும்போது நல்லதாக ஒன்று கொண்டுவருவாளாம். தம்பிக்கு அது தேவவாக்கு. நிஷானி அந்த மாதம் முழுவதும் பேப்பர் அடிக்க மானிப்பாய்க்குப் பஸ்ஸில் போய்வந்தாள். ஒவ்வொரு முறையும் கேற் அடிபட்டது.

மார்கிரட் வந்தாள். சொக்கிலேற்றுக்கும் சம்பூவுக்கும் நடுவில் போர்வை சுற்றிய பிறின்டரும் வந்தது. வெள்ளை நிறம், முயல்குட்டி அளவு. பார்க்க வடிவுதான், நான் பொய் சொல்லக்கூடாது. கொட்டிலுக்குள் வைத்தால் புழுதி படும் என்று மார்கிரட் அதை ஹோலில், கண்ணாடி அலுமாரிக்கு மேல், வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மேலே ஒரு பின்னல் விரிப்பும் போட்டாள். தன் போனில் தன் பேரில் கணக்குத் திறந்து, தன் வங்கிக் காட்டைப் பதிந்து, வீட்டு வைஃபையோடு அதைக் கோர்த்துவிட்டாள். அந்த வைஃபை மதில் தாண்டி என் குசினிக்கும் வரும். பாஸ்வேர்ட் ஜொனதன் தந்தது.

மை முடிவதற்கு முன்னமே பிறின்டர் தானாகக் கம்பனிக்கு அறிவித்துவிடும், கம்பனி புது மை அனுப்பிவிடும் என்று மார்கிரட் பெருமையோடு விளங்கப்படுத்தினாள்.

"எங்கை அனுப்பும், மச்சாள்?" நிஷானி கேட்டாள்.

"என்ரை வீட்டுக்கு."

"ரொறன்ரோவுக்கோ?"

"ஓம். அங்கையிருந்து ஆரும் வாறவையிட்டைக் குடுத்துவிடுவன்."

நிஷானி என்னைப் பார்த்தாள். நான் தேத்தண்ணியைப் பார்த்தேன். இங்கே விற்கிற மையைப் போடலாமா என்று அவள் கேட்டதற்கு, கம்பனி மையைத் தவிர வேறொன்றையும் அது எடுக்காது என்றும் மார்கிரட் பெருமையாகத்தான் சொன்னாள். ஏதோ நல்ல குடும்பத்துப் பிள்ளை வெளியில் சாப்பிடாது என்கிற மாதிரி.

கலியாணம் முடிந்து மார்கிரட் போய் ஒரு கிழமைதான். நிஷானி ஒரு வகுப்புக்கான பேப்பர் அடித்தாள். இரண்டாவது வகுப்புக்கு அடிக்கும்போது பிறின்டர் நின்றது. செம்மஞ்சள் விளக்கொன்று கண்ணடித்தது. மாதத்துக்கு இவ்வளவு தாள் என்று மார்கிரட் கட்டியிருந்த கணக்கு முடிந்துவிட்டதாம். அதை அவள் தன் போனில் கூட்டிவிட்டால்தான் இனி ஓடுமாம். எத்தனை தாள் அடிபட்டது என்பதும் அங்கே அவள் போனில் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. அன்றிரவே மார்கிரட்டின் கோல் வந்தது. இவ்வளவு பேப்பர் என்னத்துக்கு, ஊர்ப் பிள்ளைகளுக்கோ, வீட்டுப் பாவனைக்கென்றுதானே தந்தேன் என்றாள். நிஷானி பல்லைக் கடித்துக்கொண்டு, இது என்னுடைய வேலை மச்சாள் என்றாள்.

"நான் வேண்டாமெண்டே சொன்னனான்? கேட்டாத் தருவன் தானே. ஒரு சொல்லுக் கேக்கிறதுக்கு என்ன?"

கேட்பதில் ஒன்றுமில்லைத்தான். ஆனால் நிஷானியின் வகுப்பு பின்னேரம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிட்டுவிட்டு வந்து இருக்கும்போது ரொறன்ரோவில் இன்னும் விடிந்திருக்காது. மார்கிரட் எழும்பி, கோப்பி குடித்து, போனைப் பார்த்து, விரலால் ஒரு தட்டுத் தட்டும்போது இங்கே பிள்ளைகள் வீட்டுக்குப் போய் விளக்கு வைத்திருப்பார்கள். முதல் நாளே கேட்டுவைக்கலாமே என்று ஜொனதன் ஒருநாள் சொன்னான். இரவு இருந்து கட்டுகிற கணக்குக்கு முதல்நாள் எப்படி அனுமதி கேட்பது என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவன் சாந்தமாக இருந்தான்.

மாதிரிப் பரீட்சை நாள் வந்தது. அந்தப் பேப்பருக்காக நிஷானி கண்முழித்தது எனக்குத் தெரியும்; அவள் மேசை விளக்கு என் படுக்கையறைச் சுவரில்தான் விழும். விடியவே ஜொனதன் அக்காவுக்குச் செய்தி போட்டான். மார்கிரட் யாரோ வீட்டு விருந்துக்குப் போய்ப் போனை நிறுத்திவிட்டுப் படுத்திருக்கிறாள். பிள்ளைகள் பென்சிலும் அடிமட்டமுமாக வந்து கொட்டிலுக்குள் இருந்தார்கள். நிஷானி ஹோலுக்குள் நின்று போனை அமத்தினாள். செம்மஞ்சள் விளக்கு. திரும்ப அமத்தினாள். கோபத்தில் எத்தனை தரம் அமத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. கடைசியில் வெளியே வந்து கரும்பலகையில் பேப்பர் முழுவதையும் எழுதத் தொடங்கினாள். எழுதி முடிக்க முன்னம் பொழுது சாய்ந்துவிட்டது. வரைபுக் கணக்கு வரவேயில்லை.

றயனின் தாய் கேற்றடியில் மோட்டச்சைக்கிளோடு நின்றாள். "மிஸ், குறை நினைக்காதேங்கோ. அங்கை பேப்பரைக் கையிலை குடுக்கினம்," என்று சொல்லிவிட்டுப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனாள். அன்றைக்குக் கேற் அடிபடவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது.

அடுத்த நாள் பார்த்து அந்த வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம். மார்கிரட் சுகமாகப் போய்ச் சேர்ந்ததற்கும், வீட்டுக்குப் புதுப் பிறின்டர் வந்ததற்கும் நன்றி செலுத்தும் கூட்டம். ஏற்பாடு மார்கிரட், ஓடித்திரிந்தது ஜொனதன். நான் வைரவருக்கு விளக்கு வைக்கிறவள். ஆனாலும் அவர்கள் வீட்டுக் கூட்டம் ஒன்றையும் தவறவிட்டதில்லை. நிஷானி எனக்கென்று மரக்கறி றோல்ஸ் தனியாக எடுத்து வைப்பாள்.

போதகர் ஐசாக் ஐயா வந்தார். சபையாரும் வந்தார்கள். சீனி ரின்னுக்கு மேல் ஒரு போனைச் சாத்தி வைத்து, அதற்குள் மார்கிரட்டும் வந்தாள், அங்கே காலை. பிறின்டருக்கு மேலிருந்த பின்னல் விரிப்பை ஜொனதன் எடுத்து மடித்தான், ஏதோ சிலை திறக்கிற மாதிரி. பாட்டுத் தாளை ரொறன்ரோவிலிருந்தே தான் அடித்துக் காட்டப்போவதாக மார்கிரட் அறிவித்தாள். சபையார் ஆச்சரியப்பட்டார்கள். போதகர் ஐயா கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்க, அவள் தன் போனில் தாள் கணக்கைக் கூட்டிவிட்டு ஒரு தட்டுத் தட்டினாள்.

பிறின்டர் முழித்தது. விளக்கு வெள்ளையாகியது. ஒரு தாள் வந்தது. நான்தான் கிட்ட இருந்தேன், எட்டிப் பார்த்தேன். பாட்டில்லை. மாதிரிப் பரீட்சை, முதலாம் பக்கம்.

நேற்று நிஷானி அமத்திய அத்தனையும் அதன் வயிற்றுக்குள் காத்துக்கொண்டு கிடந்திருக்கிறது. மார்கிரட் வழி விட்டதும் எல்லாம் வரிசையில் வரத் தொடங்கியது. ஐயா ஜெபிக்கிறார், இது கர் கர் என்று துப்புகிறது. பிரயாணத்துக்காக நன்றி சொன்னார், இரண்டாம் பக்கம் வந்தது. கொடுக்கிற கைகளை ஆசீர்வதிக்கக் கேட்டார், வரைபுக் கணக்கு வந்தது. தட்டு நிரம்பித் தாள்கள் நிலத்தில் விழுந்தன. ஒருவரும் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தவர்கள் திறக்காத மாதிரி இருந்தார்கள். சீனி ரின்னுக்கு மேலிருந்து மார்கிரட்டின் குரல் மட்டும் ஜெபத்துக்கு நடுவில் வந்தது.

"தம்பி, அதை நிப்பாட்டு. என்ரை பேஜ் எல்லாம் முடியுது."

ஜொனதன் எழும்பி எந்தப் பொத்தானை அமத்துவது என்று தடவினான். நிஷானி அவனைத் தாண்டிப் போனாள். குனிந்து, சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினாள். பாதித் தாள் வாயில் கிடக்க அது செத்தது. ஐயாவின் ஜெபமும் அதோடு நின்றது.

"என்ன நிஷானி செய்யிறீர்? நான் எவ்வளவு ஆசையாக் கொண்டந்தனான்," என்றாள் மார்கிரட்.

நிஷானி நிலத்தில் கிடந்த தாள்களைப் பொறுக்கிக்கொண்டே கதைத்தாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எங்களுக்கு இவ்வளவு சுட்டிருக்காது.

"மச்சாள், இது நேற்றுப் பின்னேரம் வந்திருக்கவேண்டிய பேப்பர். நேற்று நீங்கள் நித்திரை. இண்டைக்கு எனக்கு ஒரு பிள்ளை குறைவு. சோமசேகரத்தார் சொன்னார், பேப்பர் தன்ரை, மை தன்ரை எண்டு. நீங்களும் அதைத்தான் சொல்லுறியள், சிரிச்சுக்கொண்டு சொல்லுறியள். நான் கட்டின கணக்கை என்ரை பிள்ளையளுக்குக் குடுக்கிறதுக்கு நான் இனி ஒருத்தரிட்டையும் கேக்கமாட்டன்."

ஜொனதன், "நீர் கொஞ்சம் பொறும், ஆக்கள் இருக்கினம்," என்றான்.

"இருக்கட்டும். உங்களுக்கும் சேத்துத்தான் சொல்லுறன்."

போனுக்குள் மார்கிரட் மூக்கை உறிஞ்சினாள். அவளுக்கும் மனம் நொந்துதான் இருக்கும். அவ்வளவு தூரம் போர்வை சுற்றிக் கொண்டுவந்தவள். ஆனால் ஒரு வார்த்தை, உன் வகுப்பில் ஒரு பிள்ளை கழன்றதற்கு ஐயோ என்று ஒரு வார்த்தை, வந்ததா? வரவில்லை. தன் பேஜ் எத்தனை போனது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். போதகர் ஐயா நல்ல மனிசன், சட்டென்று ஆமென் சொல்லிவிட்டார். பாட்டைத் தாள் இல்லாமலே பாடினார்கள். றோல்ஸ் அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை நிஷானி ரவுணுக்குத் தனியாகப் போனாள். எனக்கும் அங்கே அலுவல் இருக்கிறது என்று சொல்லியும் என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. பொழுதுபட ஓட்டோவில் வந்து இறங்கினாள். பின்தட்டில் அன்றைக்குத் தொட்டுப் பார்த்த அதே போத்தில் மை வகை. அவள் அதைக் கொட்டிலுக்குள், கரும்பலகைக்குப் பக்கத்தில் வைத்து, மேலே ஒரு பழைய சீலைத்துண்டைப் போட்டாள். மார்கிரட்டின் முயல்குட்டி இன்னும் ஹோலில், வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில், விரிப்புக்குக் கீழே இருக்கிறது. மார்கிரட் கோல் எடுக்கிற நாட்களில் ஜொனதன் அதற்கு முன்னால்தான் போய் இருப்பான்.

முதல் பேப்பர் அன்றிரவே அடிபட்டது. சோமசேகரம் என்கிற வியாபாரி அடுத்தவரின் தோட்டத்து வாழைக்குலையை அறுத்து விற்கிறார், பாதி அழுகிப்போகிறது, அவருடைய நட்ட வீதம் காண்க. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மனிசனின் காதுக்கு அது எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது. எப்படிப் போனது என்று என்னைக் கேட்காதீர்கள். றயன் இன்னும் திரும்பி வரவில்லை. ஆனால் கணக்கில் அவனுக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறாள்.

எனக்குத்தான் அநியாயம் நடந்தது. புதுப் பிறின்டரைப் பூட்டும்போது வீட்டு வைஃபையின் பாஸ்வேர்ட்டையும் மாற்றிவிட்டாள். நானும் குசினியில் இருந்தபடி அவளுடைய பேர், புருசனின் பேர், சபையின் பேர் எல்லாம் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் திறக்கவில்லை. ஜொனதனுக்கும் தெரியாதாம், மதிலுக்கு மேலால் பாவமாகச் சொன்னான்.

போன வெள்ளிக்கிழமை அவனுக்குச் சபைக் கூட்ட அறிவித்தல் ஒன்று அவசரமாக அடிக்கவேண்டியிருந்தது. கொட்டில் வாசலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். நிஷானி கொப்பி திருத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அவன் மெல்ல, இதை ஒருக்கால் அடிச்சுத் தாறீரோ என்றான்.

"கேட்டாத் தருவன் தானே," என்றாள் நிஷானி. சிவப்புப் பேனை நிற்கவில்லை. "இருங்கோ. இந்தக் கொப்பியள் முடியட்டும்."

ஜொனதன் வாசற்படியில் இருந்தான். கொப்பிகள் ஒரு குவியலாகக் கிடந்தன.